நாளைக்குக் கொத்தனார் வருகிறார்: முதன்முறை வீட்டில் ஆள் வைப்பவர்களுக்கு

கடலூருக்கோ புதுச்சேரிக்கோ புதிதாகக் குடிவந்து, அப்பா அம்மா பார்த்துக்கொள்வார்கள் என்றில்லாமல் முதன்முறையாகச் சொந்தப் பொறுப்பில் ஆள் வைத்து வேலை வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த ஊரில் அந்த நாள் சீக்கிரமே வந்துவிடும். கடல் காற்றில் ஜன்னல் கம்பியும் கேட்டும் மொட்டைமாடிக் கைப்பிடியும் கண்ணெதிரே துருப்பிடிக்கும், சுவரில் ஓதம் ஏறும், ஐப்பசி கார்த்திகையில் மாடி ஒழுகும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் எங்கள் வீட்டுப் பின்பக்கத்து ஷீட்டைப் பிய்த்துக்கொண்டு போனபோதுதான் நான் முதன்முதலில் தனியாக நின்று ஆட்களை வைத்து வேலை வாங்கினேன். 2024 நவம்பர் 30-ல் பெஞ்சல் வந்து போன பிறகும் அதே கதை. நடுவில் பிளம்பர், பெயின்டர், ஆசாரி, வெல்டர், டைல்ஸ் போடுகிறவர், தென்னை மரம் ஏறுகிறவர் என்று எங்கள் திருப்பாப்புலியூர் வீட்டு வாசலை மிதிக்காத தொழில் குறைவு.

இத்தனை வருடத்தில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். வேலைக்கு வந்தவர் மூன்று விஷயங்களை நம்மிடம் வாய்விட்டுக் கேட்கும்படி வைக்கக் கூடாது: குடிக்கத் தண்ணீர், கழிப்பறை, செய்த வேலைக்குக் கூலி. அதேபோல நம் வீட்டில் எது கூடும் எது கூடாது என்பதை அவர்களே பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடவும் கூடாது, வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். நான் பார்த்த சண்டைகளில் பாதி, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருந்ததால் வந்தவை.

முதலில் பேச வேண்டியது

தினக்கூலியா, மொத்தமாகப் பேசுவதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பூச்சு உதிர்ந்த இடத்தை ஒட்டுவது, ஒழுகும் இடத்தைத் தேடிப் பிடிப்பது மாதிரி எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாத வேலைக்குத் தினக்கூலிதான் சரி. வீடு முழுக்கப் பெயின்ட், ஒரு அறைக்கு டைல்ஸ் என்று எல்லை தெரிந்த வேலைக்கு மொத்தமாகப் பேசலாம். மொத்தமாகப் பேசும்போது சாமான் யாருடையது, கூலி மட்டுமா, எத்தனை கோட், பட்டி பார்ப்பது அதில் சேர்த்தியா, கட்டட இடிபாட்டை அள்ளிப் போடுவது யார், சாரம் கட்ட வாடகை யார் கொடுப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு தாளில் எழுதி, மேஸ்திரியிடமும் ஒரு பிரதி கொடுங்கள். எழுதுவது அவரை நம்பாததால் இல்லை. பத்து நாள் கழித்து நமக்கே மறந்துவிடும்.

இப்போது கூலி எவ்வளவு என்று நான் இங்கே எழுதினால் அது ஆறு மாதத்தில் பழசாகிவிடும், கடலூருக்கும் புதுச்சேரிக்குமே வித்தியாசம் இருக்கும். தெருவில் சமீபத்தில் வேலை நடந்த மூன்று வீட்டில் கேளுங்கள். கொத்தனாருக்கு எவ்வளவு, சித்தாளுக்கு எவ்வளவு, டீ காசு அதில் அடக்கமா தனியா என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஆண் சித்தாளுக்கு ஒரு கூலி, பெண் சித்தாளுக்கு அதைவிடக் குறைவு என்று மேஸ்திரி சொன்னால், ஒரே வேலைக்கு எதற்கு இரண்டு கூலி என்று கேளுங்கள். ஊர் வழக்கம் என்பார். என் வீட்டில் இரண்டு பேருக்கும் ஒன்றுதான் என்று சொல்லிவிடலாம். நான் சொல்லியிருக்கிறேன், அதனால் யாரும் வேலையை விட்டுப் போகவில்லை.

அப்புறம், யாரும் பேசாமல் விட்டுவிட்டுக் கடைசியில் மனஸ்தாபப்படும் சின்னச் சின்ன விஷயங்கள். பழைய வயரை உருவினால் அதில் இருக்கும் செம்பு யாருக்கு? கழற்றிய பைப், குழாய், பழைய கேட் இரும்பு யாருக்கு? காலி சிமென்ட் பை? பெயின்ட் டின்னில் பெயின்டருக்கென்று வரும் டோக்கன் அல்லது அவர் செல்போனில் ஸ்கேன் செய்து ஏற்றிக்கொள்ளும் பாயின்ட்? டோக்கனும் காலி டின்னும் பெயின்டருக்கு விட்டுவிடுங்கள், அது அந்தத் தொழிலில் அவர்கள் எதிர்பார்ப்பது. செம்பும் இரும்பும் உங்களுக்கு வேண்டுமானால் வேலை தொடங்கும் முன்பே சொல்லுங்கள். சொல்லாமல் இருந்துவிட்டு அவர் பையில் எடுத்து வைத்த பிறகு கேட்டால் அது திருட்டுப் பட்டம் கட்டுவது மாதிரி ஆகிவிடும். தேங்காய் பறிக்கிறவருக்கும் இதேதான்: மரத்துக்கு இவ்வளவு என்று காசு மட்டுமா, கூட ஓரிரு காயும் உண்டா என்று அவர் மரத்தில் கால் வைக்கும் முன் பேசிவிடுங்கள்.

நாள் குறிக்கும்போது மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் கட்டரும் டிரில்லும் கரண்ட் இல்லாமல் ஓடாது. நாலு பேரை வரவைத்து மதியம் வரை உட்கார வைத்தால் அது நம் தப்பு, அவர்கள் கூலியில் கை வைக்க நமக்கு உரிமை இல்லை. வெளிப்பூச்சும் வெளிப் பெயின்டும் ஆடிக்குள் முடித்துவிடுவது நல்லது, அக்டோபருக்குப் பிறகு இந்தப் பக்கம் வானத்தை நம்ப முடியாது. ஆட்களுக்கும் நாள் இருக்கிறது. சில கொத்தனார்களும் ஆசாரிகளும் அமாவாசையன்று கருவியைத் தொட மாட்டார்கள். ஆடி ஐந்தாம் வெள்ளி வீராம்பட்டினம் தேர், மாசி மகத் தீர்த்தவாரி, ஊரில் கூழ் ஊற்றுகிற நாள் என்றால் வர மாட்டார்கள். இதற்கெல்லாம் முன்கூட்டியே தேதி கேட்டு வைத்துக்கொண்டால் நமக்குக் கோபம் வராது.

முந்தின நாள் சாயங்காலம்

வேலை நடக்கிற அறையைக் காலி செய்யுங்கள். நகை, பணம், பத்திரம், மாத்திரை, மருத்துவச் சீட்டு, பீரோ சாவி எல்லாம் ஒரே அறைக்குப் போய், அந்த அறை பூட்டப்பட வேண்டும், அதுவும் அவர்கள் வருவதற்கு முன்பே. ஆட்கள் உள்ளே வந்த பிறகு அவர்கள் கண் முன்னால் அவசர அவசரமாகக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு காட்சியே போதும், நாள் முழுக்க அவர்கள் முகத்தில் அது இருக்கும். முன்பே பூட்டியிருக்கும் கதவு யாரையும் சுடாது.

மாடிக்குப் போகிற வழியில் செடித்தொட்டியை நகர்த்துங்கள், நாயைக் கட்டுங்கள், மெயின் ஸ்விட்ச் எங்கே, தண்ணீர்த் தொட்டி வால்வு எங்கே என்று நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் சொல்லிவிடுங்கள். எதிர்வீட்டில் கைக்குழந்தை இருந்தால் மதியம் இரண்டிலிருந்து நாலு வரை டிரில் போட வேண்டாம் என்று மேஸ்திரியிடம் கேட்கலாம், பெரும்பாலும் கலவை வேலையை அந்த நேரத்துக்குத் தள்ளிக்கொள்வார். தெருவில் மணல் கொட்டினால் அன்று சாயங்காலத்துக்குள் உள்ளே அள்ளிவிட வேண்டும், இரவில் வண்டியில் வருகிறவர் சறுக்கி விழுந்தால் பொறுப்பு நமக்குத்தான்.

முதல் நாள் காலை

வந்தவுடன் வேலையைக் காட்டாதீர்கள். பெயரைக் கேளுங்கள், உங்கள் பெயரைச் சொல்லுங்கள், குடிதண்ணீர் எங்கே என்று காட்டுங்கள், கழிப்பறையைக் காட்டுங்கள். பிறகு வேலை.

கழிப்பறை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மனுஷர்கள் கூட இதில்தான் தவறு செய்கிறார்கள். சித்தாள் வேலைக்கு வரும் பெண்கள் குறிஞ்சிப்பாடியிலிருந்தும் நெல்லிக்குப்பத்திலிருந்தும் விடியற்காலையில் சமைத்து வைத்துவிட்டுப் பஸ் பிடித்து வருகிறார்கள், திரும்ப வீடு போகும்போது இருட்டிவிடும். கழிப்பறை எங்கே என்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு பல பேர் பகல் முழுக்கத் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் செங்கல் சுமந்துகொண்டு தண்ணீர் குடிக்காமல் இருப்பது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். நீர்க்கடுப்பும் மயக்கமும் அப்படித்தான் வருகின்றன. பழைய வீடுகளில் கொல்லைப்புறத்தில் ஒரு கழிப்பறை இருக்கும், அதைச் சுத்தம் செய்து கொடுங்கள். இல்லையென்றால் வீட்டுக்குள் இருப்பதையே கொடுங்கள், வேறு வழி கிடையாது. உள் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா, பக்கெட், மக், சோப்பு இருக்கிறதா, மூடியுள்ள குப்பைக்கூடை ஒன்று உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். பெண்களிடம் வீட்டுப் பெண் யாராவது தனியாகச் சொல்லுங்கள், "அக்கா, எப்ப வேணும்னாலும் போங்க, கேட்கவே வேண்டாம்" என்று.

உடை மாற்றவும் ஒரு இடம் வேண்டும். கட்டட வேலைக்கு வரும் பெண்கள் புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு தலையில் துண்டு கட்டிக்கொள்வார்கள், சாயங்காலம் கழுவிவிட்டு நல்ல புடவை கட்டிக்கொண்டுதான் பஸ் ஏறுவார்கள். கதவு உள்ள ஸ்டோர் ரூம் போதும். ஆனால் ஒன்று இருக்க வேண்டும்.

எப்படிக் கூப்பிடுவது? வயதில் பெரியவரென்றால் அண்ணே, அக்கா, சின்னவரென்றால் தம்பி, பாப்பா, இல்லாவிட்டால் மேஸ்திரி, ஆசாரி, அல்லது பெயரோடு "வாங்க போங்க". அறுபது வயதுக்காரரை "நீ", "வாப்பா", "ஏய்" என்று கூப்பிடும் பழக்கம் இன்னும் பல வீட்டில் இருக்கிறது, அது எங்கிருந்து வருகிறது என்பது நமக்குத் தெரியும். அவர் என்ன சாதி என்று ஊகித்த பிறகுதான் "நீ" வருகிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அப்படிப் பேசினால் அவர்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், பிள்ளைகளை முதல் நாளே "அண்ணா, அக்கா" என்று பழக்குங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிற தம்பிகளை "வடக்கன்" என்று சொல்லாதீர்கள். பெயர் கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள். பானி, சாய், கானா என்று நாலு வார்த்தை தெரிந்தால் போதும், மீதியைக் கையால் பேசிக்கொள்ளலாம்.

டம்ளர்

டீ பெரும்பாலும் பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும், சாப்பாடு ஒரு மணிக்கு. வீட்டிலேயே போட்டுக் கொடுக்கலாம், கடையில் வாங்கிக்கொள்ளக் காசும் கொடுக்கலாம், இரண்டும் மரியாதைதான். வடையோ பன்னோ சேர்ந்தால் நல்லது. சாப்பாடு போடுவது கட்டாயம் இல்லை, அவர்கள் தூக்குவாளியில் கொண்டுவந்திருப்பார்கள். போடுவதாக இருந்தால் முந்தின நாளே சொல்லுங்கள், கட்டிக்கொண்டு வந்த சோறு வீணாகாது. நேற்று மீந்ததைக் கொடுக்காதீர்கள்.

எந்த டம்ளரில் கொடுக்கிறீர்கள் என்பது பெரிய விஷயம். வேலைக்காரருக்கென்று நசுங்கிய ஒரு டம்ளரைக் கொல்லைப்புற ஜன்னலில் கவிழ்த்து வைத்திருக்கும் வீடுகள் இன்றும் உண்டு. தட்டும் அப்படியே. டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்தால் தீண்டாமைக் குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும், அரசியலமைப்பின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் படித்தும் இருக்கிறோம், ஆனால் அடுக்களைக்குள் அதே குவளையை நாமே வைத்துக்கொண்டு "சுத்தத்துக்காக" என்று பெயர் சொல்கிறோம். சுத்தம்தான் கவலையென்றால் எல்லா டம்ளரையும் வெந்நீரில் கழுவலாமே. பேப்பர் கப் வாங்கி வைத்து, அதே நாளில் வந்த சொந்தக்காரருக்கு மட்டும் எவர்சில்வரில் கொடுத்தால் அதுவும் இதுவும் ஒன்றுதான். வீட்டில் எல்லோரும் குடிக்கிற டம்ளரில் கொடுங்கள், கழுவி வைப்பதும் உங்கள் வேலை, அவர்களைக் கழுவச் சொல்லாதீர்கள். சிலர் தாங்களாகவே கழுவி வைப்பார்கள், அது அவர்கள் பழகிய பழக்கம். "விடுங்கக்கா, நான் பார்த்துக்கிறேன்" என்று வாங்கிக்கொள்ளுங்கள்.

உட்கார நிழல் காட்டுங்கள். வெறும் தரையில், செருப்பு கிடக்கும் இடத்தில் உட்கார்ந்து சாப்பிட விடாதீர்கள், ஒரு பாய் போதும். சாப்பிட்ட பிறகு அரைமணி நேரம் கண்ணயர்ந்தால் எழுப்பாதீர்கள்.

உங்கள் எல்லை எது

இதைச் சொல்லத் தயங்குபவர்கள்தான் பிற்பாடு அதிகம் கஷ்டப்படுகிறார்கள். நம் வீடு, நம் பிள்ளைகள், நம் நிம்மதி, அதற்கு எல்லை போடுவது மரியாதைக் குறைவே இல்லை. முதல் நாளே மேஸ்திரியிடம் மெதுவாக, ஆனால் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: இந்த இரண்டு அறைக்குள் வேலை இல்லை, வர வேண்டாம், பீடி, சிகரெட் மாடியில் அந்த மூலையில் மட்டும், ஹான்ஸ் புகையிலை மென்று துப்ப வேண்டாம், பாட்டு போடலாம், சத்தம் இவ்வளவுதான், ஐந்தரைக்கு மேல் வேலை வேண்டாம், புதிதாக ஆளைக் கூட்டிவந்தால் முந்தின நாளே சொல்லுங்கள். மொத்தக் குழுவுக்கும் சொல்ல வேண்டியதை மேஸ்திரி வழியாகச் சொல்லுங்கள். ஆளுக்கு ஆள் நீங்கள் தனித்தனியாக உத்தரவு போட ஆரம்பித்தால் அவர் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள், வேலையும் குழம்பும்.

போன் நம்பர் ஒருவருக்கு மட்டும், மேஸ்திரிக்கு மட்டும் போதும். வீட்டில் ஆண் பெண் யார் பேசுவது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் வேலை சம்பந்தமில்லாமல் போன் வந்தால், "பகல்ல பேசிக்கலாம்" என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். அதற்கு மேலும் வந்தால் அவர் வேண்டாம்.

பெண்கள் தனியாக இருக்கும்போது வேலை நடந்தால், தெருக்கதவு திறந்தே இருக்கட்டும், ஜன்னல் திரையை விலக்கி வையுங்கள், பக்கத்து வீட்டு அம்மாவிடம் பதினொரு மணிக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் எந்த ஷிப்ட், எத்தனை மணிக்கு வருவார், ஊரில் இல்லையா என்பதெல்லாம் பேச்சுவாக்கில் சொல்லத் தேவையில்லை. என் கணவர் நெய்வேலிக்கு ஷிப்டுக்குப் போய்வந்த வருடங்களில் நான் இப்படித்தான் இருந்தேன். ஒரே ஒருமுறை ஒரு ஆள் தேவையில்லாமல் சமையலறை வாசலில் வந்து வந்து நின்றபோது, மேஸ்திரியைக் கூப்பிட்டு "நாளைக்கு அவர் வேண்டாம்" என்றேன். அவரும் காரணம் கேட்கவில்லை. மனசுக்குச் சரியில்லை என்று பட்டால் அதுவே போதும், நிரூபிக்க வேண்டியதில்லை.

இது இரண்டு பக்கமும் உண்டு. நம் வீட்டு ஆண்கள் சித்தாள் பெண்களிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்றும் பாருங்கள். கேலிப் பேச்சு, மாடியில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பது, "சும்மா ஒரு போட்டோ" எல்லாம் தப்பு. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013-ல் வந்த சட்டம் வீட்டையும் பணியிடம் என்றே சொல்கிறது, வீட்டு வேலைக்கு வருகிறவருக்கும் அதில் புகார் கொடுக்க வழி உண்டு.

கேமரா இருந்தால் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், கழிப்பறை வாசலையோ உடை மாற்றும் இடத்தையோ பார்க்கும்படி ஒன்றும் இருக்கக் கூடாது. அவர்கள் வேலை செய்வதைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் போடுவதென்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சுவருக்குள் போகும் பைப்பையும் வயரையும் பூச்சு போடும் முன் படம் எடுத்து வையுங்கள், அது அவசியம். பின்னாளில் ஆணி அடிக்கும்போது அந்தப் படம்தான் காப்பாற்றும்.

பார்த்துக்கொண்டே நிற்க வேண்டுமா

வேண்டாம். பின்னாலேயே நின்று "அது என்ன, இது ஏன்" என்று கேட்டால் கை வேகம் குறையும். மூன்று சமயம் போய்ப் பாருங்கள்: ஆரம்பிக்கும்போது, ஏதாவது ஒன்றை மூடும் முன், முடிக்கும்போது. கழிப்பறைத் தரையில் டைல்ஸ் ஒட்டும் முன் ரசமட்டம் (மட்டம் பார்க்கும் கருவி) வைத்து வாட்டம், அதாவது தரைச் சரிவு, தண்ணீர் போகும் பக்கம் இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள், ஒட்டிய பிறகு பேசினால் உடைக்க வேண்டிவரும். பூச்சு வேலை முடிந்த பிறகு ஒரு வாரமாவது தண்ணீர் காட்ட வேண்டும், அதாவது அதை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அதை நீங்கள் செய்வதா அவர்கள் செய்வதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். யூடியூபில் பார்த்ததை வைத்து இருபது வருடம் கரணை பிடித்தவருக்குப் பாடம் எடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் சந்தேகமாகவே கேளுங்கள், சொல்லிக்கொடுப்பார்கள், எனக்கு அப்படித்தான் பாதி தெரிந்தது.

ஒத்துக்கொள்ளவே கூடாதவை

மலக்குழிக்குள் ஆளை இறக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். "ரெண்டு நிமிஷம்தாங்க, நான் இறங்கிப் பார்த்துடுறேன்" என்று அவரே சொன்னாலும் கூடாது. உள்ளே இருக்கும் விஷவாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும், தூக்கப் போகிற இரண்டாவது ஆளும் விழுவார். பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரை மலக்குழியில் இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 2013-ல் வந்த இன்னொரு சட்டப்படி குற்றம், முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. லாரி வைத்து உறிஞ்சுவதுதான் வழி. ரொம்ப நாள் மூடிக்கிடந்த தண்ணீர்த் தொட்டியும் கிட்டத்தட்ட அப்படித்தான், மூடியைத் திறந்து நன்றாகக் காற்றோட விட்டு, மேலே ஒருவர் நிற்க வேண்டும்.

கரண்ட் வேலையில் மெயினை இறக்கி, யாரும் தெரியாமல் ஏற்றிவிடாதபடி பக்கத்தில் ஒருவர் நில்லுங்கள். பதினாலு வயது நிறையாத பிள்ளை கூலிக்கு வந்தால் திருப்பி அனுப்புங்கள், அன்றைய காசைப் பெற்றவரிடம் கொடுத்தே அனுப்புங்கள், மறுபடி வந்தால் 1098-க்குச் சொல்லுங்கள். பதினெட்டுக்குக் கீழ் இருப்பவரைச் சாரத்தில் ஏற்றாதீர்கள். குடித்துவிட்டு வந்தவரையும் ஏற்றக் கூடாது. புதுச்சேரி பக்கத்திலேயே இருப்பதால் இந்தப் பிரச்சினை நமக்குக் கொஞ்சம் அதிகம். அவரிடம் அந்த நேரத்தில் வாக்குவாதம் செய்யாதீர்கள், "இன்னைக்கு வேண்டாம்ணே, நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டு மேஸ்திரியிடம் மறுநாள் பேசுங்கள். முந்தின நாள் வேலை செய்த கூலியை அதற்காகப் பிடிக்காதீர்கள்.

அடிபட்டால் யார் தவறு என்று பேச வேண்டாம். முதலில் 108, கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை, புதுச்சேரியில் ஜிப்மர். செலவையும் அன்றைய கூலியையும் கொடுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள், விபத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் அது உதவும். இல்லையென்றால் பதிவு செய்ய ஒரு மணி நேரம் உங்கள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து உதவலாம்.

ஒரு பொருள் காணவில்லை என்றால்

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சமையலறையில் மேடை மாற்றிக்கொண்டிருந்த சமயம் என் மூக்குத்தியைக் காணவில்லை. நான் யாரையும் திருடி என்று சொல்லவில்லை. ஆனால் சித்தாளாக வந்த அக்காவிடம் "நீங்க இங்கதானே பெருக்கினீங்க, எதாவது பார்த்தீங்களா" என்று மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை கேட்டதும் அவர் தன் ஒயர் கூடையை எடுத்துவந்து என் முன்னால் தரையில் கொட்டினார். தூக்குவாளி, சீப்பு, மடித்த புடவை, மாத்திரை அட்டை, பஸ் காசு. நான் தடுக்கவில்லை, பார்த்துக்கொண்டு நின்றேன். அதுதான் இன்றுவரை எனக்கு உறுத்துகிறது. நாலு நாள் கழித்துக் கோலமாவு டப்பாவில் மூக்குத்தி கிடைத்தது, நான்தான் குளிக்கப் போகும்போது அதில் போட்டிருக்கிறேன். அவர் மறுநாளிலிருந்தே வரவில்லை. மேஸ்திரியிடம் ஊர் கேட்டு, குறிஞ்சிப்பாடி தாண்டி அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். உட்காரச் சொல்லி, எவர்சில்வர் டம்ளரில் மோர் கொடுத்தார். வேலைக்கு மட்டும் வரவில்லை.

அதனால் சொல்கிறேன். பொருள் காணவில்லை என்றால் முதலில் முழு வீட்டையும் நீங்களே தேடுங்கள், ஒரு நாள் பொறுங்கள். யாருடைய பையையும் திறக்காதீர்கள், அவர்களாகத் திறக்க வந்தாலும் தடுத்துவிடுங்கள். உறுதியாகச் சந்தேகம் இருந்தால் அதைப் போலீசிடம் சொல்லலாம், மேஸ்திரியிடம் தனியாகச் சொல்லலாம். மற்றவர்கள் முன்னால், பாதிக் கேள்வியாக, கண் பார்வையால் கேட்காதீர்கள்.

கூலி

தினக்கூலியென்றால் அன்று சாயங்காலமே. வாரக்கணக்கென்றால் சனிக்கிழமை, அதுவும் ஐந்து மணிக்குள், பஸ் போவதற்குள். "ஏடிஎம் போயிட்டு வரேன்" என்று ஏழு மணி வரை நிற்க வைக்காதீர்கள், வெள்ளிக்கிழமையே சில்லறையாக மாற்றி வையுங்கள். மேஸ்திரி கையில் மொத்தமாகக் கொடுத்தால் சித்தாளுக்கு முழுசாகப் போகிறதா என்று ஒரு தடவையாவது கேட்டுக்கொள்ளுங்கள். பாதி நாளில் மழை வந்து நின்றுபோனால் அரை நாள் கூலியாவது கொடுங்கள். சாமான் வராமல் நின்றால் முழுக் கூலி. மொத்தமாகப் பேசிய வேலையில் அட்வான்ஸ் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், கடைசிப் பங்கு குறை எல்லாம் சரி செய்த பிறகு என்று வைத்துக்கொள்ளலாம், அது இரண்டு பேருக்கும் பாதுகாப்பு. ஆனால் சரியாக முடித்த பிறகு "ஐநூறு குறைச்சுக்கோங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். பேரம் பேச வேண்டிய நாள் முதல் நாள்.

குறை இருந்தால் காசு கொடுக்கும் முன், வெளிச்சத்தில், பொருளைக் காட்டிப் பேசுங்கள். "இந்த மூலையில் பட்டி மேடு தட்டுது, தேய்க்கணும்" என்றால் தேய்த்துக் கொடுப்பார்கள். "உங்க வேலையே இப்படித்தான்" என்றால் சண்டைதான்.

கடைசி நாள்

கருவியெல்லாம் எடுத்துவிட்டார்களா என்று அவர்களோடு சேர்ந்து ஒரு சுற்றுப் பாருங்கள், கரணையோ தூக்குக்குண்டோ மணலுக்குள் கிடக்கும். மீந்த சிமென்டும் டைல்ஸும் எங்கே வைப்பது என்று கேளுங்கள். டைல்ஸ் நாலைந்து பத்திரமாக எடுத்து வையுங்கள், பிறகு அந்த டிசைன் கிடைக்காது. நல்ல நிலையில் உள்ள துணியோ பாத்திரமோ கொடுக்க நினைத்தால் "வேணுமாக்கா?" என்று கேட்டுவிட்டு, வேண்டாம் என்று சொல்ல இடம் வைத்துக் கொடுங்கள், கிழிந்ததைக் கொடுக்காதீர்கள், கூலிக்குப் பதிலாகவும் கொடுக்காதீர்கள். பலகாரமோ பழமோ எல்லோருக்கும் ஒரே அளவு. வேலை பிடித்திருந்தால் மேஸ்திரியிடம் மட்டும் சொல்லாமல் வேலை செய்தவரிடமும் சொல்லுங்கள், எந்த இடம் நன்றாக வந்திருக்கிறது என்று கையைக் காட்டிச் சொல்லுங்கள்.

மேஸ்திரி நம்பரைப் பெயரோடும் ஊரோடும் எழுதி மெயின் ஸ்விட்ச் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். கார்த்திகையில் மழை கொட்டிச் செல்போனில் சார்ஜ் இல்லாத ராத்திரியில், எந்தச் சுவருக்குள் எந்த வயர் போகிறது என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.